இருதய நோயும் மனச்சோர்வு மருந்தும்

(நமது சங்க மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கமுண்டு. இருதய நோய்க்குரிய மாத்திரையைக் கூடத்து அலமாரியில் வைப்பர். மனச்சோர்வுக்குரியதையோ துணிப்பெட்டியில் ஒளிப்பர். சம்பந்தம் பேச வருவோர் கண்டுவிடுவரே என்னும் அச்சம்! அவ்வொளிப்பு இருதய வைத்தியரிடத்தும் நீள்வதையே நாம் இன்று கண்டிக்கப் புகுந்தோம்.

இருதயத்தின் கீழறைகள் ஒவ்வொரு துடிப்பிலும் மின்கிளர்ச்சியுற்று, மீண்டும் தணிந்து, அடுத்த துடிப்பிற்கு ஆயத்தமாகின்றன. இதற்காகும் நேரத்தை ஈ.ஸி.ஜி. படத்தில் க்யூ-டி இடைவெளி என்பர். சில மருந்துகள் இவ்விடைவெளியை நீட்டிவிடும். மிக நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, நோயாளி மூர்ச்சையுற்று விழவும், சிலபோது உயிர் துறக்கவும் நேரும்.

ஸிடலோப்ராம் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேற் கொடுக்கலாகாதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் 2011-ம் ஆண்டில் எச்சரித்தனர். 2012-ல், அறுபது வயது கடந்தோர்க்கு 20 மில்லிகிராமே எல்லையென்றனர். பழைய மருந்தாகிய அமிட்ரிப்டிலின், அண்மையில் மாரடைப்புக் கண்டோர்க்கு ஆகாது. இதனை நரம்பு வலிக்கென்றும் கொடுப்பதால், மனச்சோர்வு மருந்தினத்தைச் சேர்ந்ததென்றே பலர் அறியார்! நீர் பிரிக்கும் மாத்திரையாலோ, வயிற்றுப்போக்காலோ இரத்தத்திற் பொட்டாசியம் குறைந்தாலும் இவ்வபாயம் பெருகும். இருதய நோயாளருட் பலர் நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோரே அன்றோ?

நிற்க. இதைக் கேட்டு இன்றிரவே மாத்திரையை வீதியில் எறியப் புறப்பட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் மனக்கலக்கமும் உண்டாகலாம். அன்றியும், மாரடைப்பிற்குப் பின் மனச்சோர்வுற்றோர், அஃதில்லாதாரினும் அதிகமாய் இறக்கின்றனர் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. எல்லா மருந்தும் ஒரு தன்மையனவுமல்ல. 2002-ல் வெளியான ஓராய்ச்சியில், மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ கண்டு மனச்சோர்வும் உற்ற 369 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஸெர்ட்ரலின் கொடுத்தனர். அவர்தம் இருதயத்தின் வேலை அதனாற் குன்றவில்லை. ஆகையால், அஞ்சி விடுதலும் வேண்டா, மறைத்து உண்ணலும் வேண்டா.

உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும், சளிக்கும் பூச்சித் தொற்றுக்கும் வாங்கியவை உட்பட, ஒரே தாளிலெழுதி இரு வைத்தியரிடமும் காட்டுக. மருந்து தொடங்குமுன்னும், அளவு கூட்டிய பின்னும் ஈ.ஸி.ஜி. வேண்டுமாவெனக் கேட்க. படபடப்போ மயக்கமோ வந்தால் அன்றே வைத்தியரை நாடுக. குடும்பத்தில் இளவயதிற் காரணமின்றித் திடீரென இறந்தார் உளரா என அவர் வினவினால், பாட்டிமார் அறிந்ததையும் கேட்டுச் சென்று உள்ளவாறே சொல்லுக.