வீட்டுக் கணினிக்கு ஒரு காவல்

(போடிநாயக்கனூர் வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏலத்தோட்டம் வைத்திருப்போருக்குக் கட்டே நோயைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலையில் வெளிறிய கோடுகள் தோன்றிவிட்டால் அச்செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி. அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது அசுவினி என்னும் சிறு பூச்சி. அந்நோயை உண்டாக்குவதற்கும் வைரஸ் என்றே பெயர். கணினியைக் கெடுப்பதற்கும் அதே பெயர். கணினிக்கு அசுவினியாக அமைவது நம் சட்டைப் பையிலுள்ள பென்டிரைவ், முகமறியாதவர் அனுப்பும் மின்னஞ்சல், கண்ட இடத்தில் இறக்கிக்கொள்ளும் திரைப்படம் முதலியவை.

கணினி நமக்கெதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. போடியில் ஏலக்காயே கணினித் திரையில்தான் ஏலம் போகிறது. பட்டா நகல், வங்கிக் கணக்கு, ஊராட்சியின் வரவு செலவு யாவும் அதற்குள் புகுந்துவிட்டன. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியே பல வீடுகளில் குடும்பத்தின் ஒரே கணினியாக இருக்கிறது.

2017 மே மாதத்தில் நிகழ்ந்ததை உறுப்பினர்கள் அவசியம் அறிய வேண்டும். மலைக்கு அப்பால் கேரளத்தில், வயநாடு மாவட்டத்துத் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளை ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்க 300 டாலர் கேட்டது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. உலகெங்கும் சிக்கியவை பெரும்பாலும் அத்திருத்தம் ஏற்றப்படாத கணினிகளே. நமது வீட்டுவரிப் பதிவேடு அவ்விதம் பூட்டப்பட்டால் யாரிடம் போய் நிற்பது?

இனி, எந்த இலவசத் தடுப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருவோம். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளில் ‘டிஃபெண்டர்’ என்னும் காவல் விலையின்றி உடன் வருகிறது. ஜெர்மனியிலுள்ள ஏ.வி.-டெஸ்ட் என்னும் சோதனைக் கூடம் இத்தகைய மென்பொருள்களை ஆராய்ந்து மதிப்பெண் வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் அங்கே உயர்ந்த மதிப்பெண்களைப் பெற்றுள்ளது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் புதிதாக ஒன்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்னும் பகுதியைத் திறந்து, பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வேறொன்றை விரும்புவோர், அதை இலவசமாகத் தருபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். ‘அவாஸ்ட்’ என்னும் பெயர்பெற்ற நிறுவனம், தன்னை நம்பியவர்கள் இணையத்தில் எங்கெங்கே உலவினார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனத்தின் மூலம் விற்றதற்காக, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2024இல் 165 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. இலவசம் எல்லாமே தீது என்று நாம் சொல்லவில்லை. காவற்காரனே வீட்டுச் செய்தியை வெளியே சொல்வதும் உண்டு என்கிறோம்.

ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்வதும் தவறு. ஓர் அலுவலகத்தில் ஒரே கணினியில் மூன்று தடுப்பு மென்பொருள்களை நாம் கண்டதுண்டு. காலையில் அதை முடுக்கிவிட்டு, கடைவீதிவரை சென்று தேநீர் அருந்தித் திரும்பலாம். அப்போதுதான் கண் விழித்திருக்கும். ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே அழுத்துக’ என்று இணையத்தில் திடீரெனத் தோன்றும் அறிவிப்பை அழுத்தவே கூடாது. பல வேளைகளில் அதுவே வலை.

பழைய மடிக்கணினிகளின் நிலை வேறு. விண்டோஸ் 7க்குரிய திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10க்கும் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. சுவர் இடிந்த வீட்டுக்குக் கதவில் பூட்டு எதற்கு? விண்டோஸ் 7 உள்ள கணினியில் வங்கி வேலை பார்க்க வேண்டாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ போன்ற விலையில்லா லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாம்.

நோய் பிடித்துவிட்டதென்று ஐயமுற்றால், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் இணையதளத்தில் துப்புரவு மென்பொருள்களை இலவசமாகப் பெறலாம். முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றியே வைக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை நாமே தொலைபேசியில் சொல்லிவிட்டால் எந்த மென்பொருளும் தடுக்காது. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

கொட்டகுடி, குரங்கணி முதலிய மலையூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இணையத் தொடர்பு வருவதும் போவதுமாக இருக்கும். காவல் மென்பொருளோ நாள்தோறும் புதுச் செய்தி கேட்பது. ஆதலால் போடிக்கு இறங்கிவரும் நாளில் மடிக்கணினியையும் கையோடு கொண்டுவாருங்கள். கைப்பேசியின் இணைப்பைக் கொடுத்து, அப்டேட் முழுவதும் ஏறி முடிந்த பின்னரே பென்டிரைவைச் செருகுங்கள்.