சாட்சிக் கூண்டும் நீதிபதியின் கண்ணும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அதனை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் நன்கு உரைத்துவிட்டார்கள். நான் முப்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்த இடம் நீதிமன்றம். ஆகவே அதனைப் பற்றியே பேச அனுமதி வேண்டுகிறேன்.

நான் முதன்முதலில் நீதிமன்றத்தைக் கண்டது பத்து வயதில். பண்ணையாளாக இருந்த என் தந்தையார் ஒரு வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டிருந்தார். காலை முதல் மாலை வரை புளியமரத்தடியில் நின்றோம். டவாலி அணிந்த சேவகர் மும்முறை பெயர் கூவியதும் தந்தையார் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பினார். வாய்தா போட்டுவிட்டார்களாம். ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. அந்த மேடையில் அமர்ந்திருந்தவரைப் போல நானும் ஆக வேண்டும் என்று அன்று எண்ணினேன் என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். உண்மை அதுவன்று. பசி ஒன்றே எனக்கு நினைவிருக்கிறது.

பிற்காலத்தில் முன்சீப் ஆகி, படிப்படியாக உயர்ந்து, அமர்வு நீதிமன்றத்திற்கு வந்தேன். அங்கே நான் செய்த பிழை ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கூலி உயர்வு கேட்ட தொழிலாளி ஒருவரைத் தாக்கிய வழக்கு அது. கண்ணால் கண்ட சாட்சி, அதே சேரியைச் சேர்ந்த ஒரு முதியவர். கூண்டில் ஏறியவர் தலை நிமிரவேயில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நெடுநேரம் தயங்கினார். சாட்சியின் நடத்தையைப் பற்றித் தான் கண்டதை நீதிபதி குறித்து வைக்கலாம் என்பது சட்டம். நானும் குறித்தேன். “சாட்சி தயங்கித் தயங்கி விடையளிக்கிறார், மன்றத்தை நேர்கொண்டு பார்க்கவில்லை” என்று எழுதி, அவர் சாட்சியத்தை நம்ப இயலாதென்று எதிரிகளை விடுவித்தேன்.

அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். வாய்க்கால் மடையருகே என் தந்தையார் பழைய பண்ணையாரிடம் நீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் தயங்கியே வந்தது. ஆனால் அவர் சொன்னவை அனைத்தும் உண்மை. அன்றிரவு நான் உறங்கவில்லை. கையொப்பமிட்ட தீர்ப்பை, எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர வேறெதற்காகவும் அதே நீதிபதி மாற்ற முடியாது. அந்த முதியவர் முன்னால் எதிரிகள் நின்றிருந்தார்கள். மறுநாள் அவர் அவர்கள் வயலுக்கே வேலைக்குப் போக வேண்டியவர். சேரியில் பிறந்த எனக்கே அது அன்று தோன்றவில்லை என்றால் பிறரை நான் எவ்வாறு குறை சொல்வேன்?

நீதிபதி காண்பது அவர் கண் பழகியதைத்தான். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டதை நீங்கள் அறிவீர்கள். நிலக்கிழார்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தபோது, செல்வந்தர்களான அவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற எண்ணமும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. குனிந்த தலை ஐயத்தை எழுப்புகிறது. செல்வம் ஐயத்தைப் போக்குகிறது. இரண்டும் ஒரே பார்வையின் இரு பக்கங்கள்.

இனி, சொற்களைப் பற்றிச் சிறிது. “எவ்வளவு தொலைவில் நின்றீர்?” என்று வழக்கறிஞர் கேட்பார். “கூப்பிடு தூரங்க” என்பார் சாட்சி. “அடிக் கணக்கில் சொல்லும்” என்று அதட்டுவார் வழக்கறிஞர். மிரண்ட சாட்சி “நூறு அடி இருக்குங்க” என்பார். அடுத்த சாட்சி இருநூறு அடி என்பார். முரண்பாடு பிறந்துவிட்டது! விளக்கு வைக்கும் நேரம் என்று ஒருவர் சொன்னது மாலை 6 மணி என்று தட்டச்சில் ஏறும். கார்த்திகையில் ஒரு நேரம், சித்திரையில் ஒரு நேரம் என்பதைத் தாளிடம் யார் சொல்வது? அந்த முதியவர் வழக்கிற்குப் பின், சாட்சி சொன்ன சொல்லையே எழுதுமாறு தட்டச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லி வந்தேன். எதிரிகளைச் சாட்சியின் கண்ணெதிரே நிற்கவிடாமல் பின்வரிசைக்கு அனுப்பினேன். வேலை மெதுவாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். மெதுவாகத்தான் ஆயிற்று.

ஓய்வுக்குப் பின் ஏன் எழுத வந்தீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். சாட்சியத்தில் இல்லாதது தீர்ப்பில் வரக் கூடாது. புளியமரத்தடி சாட்சியத்தில் இராது; இழந்த கூலி இராது; தந்தையாரின் குனிந்த தலை இராது. அவற்றை வைப்பதற்கு எனக்கு வேறு தாள் தேவைப்பட்டது.

தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் அ. வரதராஜன் 1980-இல் உச்சநீதிமன்ற நீதிபதியானார். நம் மக்களிலிருந்து அந்த மன்றம் ஏறிய முதல்வர் அவர். கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007-இலும், பி. ஆர். கவாய் 2025-இலும் தலைமை நீதிபதி பொறுப்பேற்றார்கள். பெருமைதான். எனினும் இளைஞர்களே, நான் உங்களைக் கேட்பது இன்னும் சிறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதுகாப்பும், வழிச்செலவும், விசாரணைக் காலத்துப் பராமரிப்புச் செலவும் சாட்சிக்கு உரிமை என்கிறது அது. எதிரியின் ஜாமீன் மனு மீது தம்மைக் கேட்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர் கோரலாம். இவற்றைக் கேட்டுப் பெறுவோர் மிகச் சிலரே என்பது நான் பணியில் கண்டது.

சட்டம் படித்தவர்களும் படிப்பவர்களும் இச்சங்கத்தில் இருக்கிறீர்கள். நம் ஊர்ச் சாட்சி ஒருவர் நீதிமன்றம் செல்லும் நாளில் ஒருவரேனும் உடன் செல்லுங்கள். முதல் நாளே இதனைச் சொல்லிக்கொடுங்கள்: சாட்சியம் முடிந்ததும் எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டவில்லை என்றால், “ஐயா, படித்துக் காட்டுங்கள்” என்று பணிவாகக் கேட்கலாம். அதில் தவறு இருந்தால், “நான் சொன்ன சொல் இதுவன்று” என்று அங்கேயே சொல்லலாம். நீதிபதி அதனைத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் சாட்சியின் மறுப்பையேனும் குறித்து வைக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. கையொப்பத்திற்கு முன்னரே கேட்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.