கயிறு அவிழ்க்க ஓர் இடம்

பொம்மசந்திராவில் நாய் வளர்ப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தொழிற்சாலை லாரிகள் ஓயாது செல்லும் இவ்விடத்தில் கயிற்றை அவிழ்த்தால் நாயின் உயிருக்கு ஆபத்து. அவிழ்க்காவிட்டால் அதற்கு ஓட்டமே இல்லை.

பெங்களூரில் 1870இல் அமைந்த கப்பன் பூங்காவில் நாய்களுக்கென வேலியிட்ட பகுதி உண்டு. 2022இல் அப்பூங்காவில் நாய்களையே தடை செய்யத் தோட்டக்கலைத் துறை முனைந்தது. கண்ட இடத்தில் கயிற்றை அவிழ்க்கிறார்கள், கழிவை அள்ளுவதில்லை என்பவை புகார்கள். எதிர்ப்பு எழவே தடை கைவிடப்பட்டது. ஆனால் புகாரில் நியாயம் இருந்ததென்றே சொல்வேன்.

இத்தகைய இடத்தைத் தேடுவோர் முதலில் நாயின்றித் தனியே சென்று பார்த்துவருவது நலம். நான் முதலில் நோக்குவது வாயிலைத்தான். ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள் வேண்டும். வெளிக்கதவைச் சாத்திய பிறகே உட்கதவைத் திறக்கவேண்டும். ஒற்றைக் கதவாயின், ஒருவர் நுழையும்போது மற்றொருவரின் நாய் சாலைக்கு ஓடிவிடும். வேலியின் அடியில் சந்து இருத்தலாகாது. சிறு நாய்களுக்குத் தனிப் பகுதி இருப்பின் மிக நன்று. நிழலும் நீரும் சொல்லவேண்டியதில்லை.

தடுப்பூசிகள் முழுவதும் முடியாத குட்டியை அங்கே கொண்டுசெல்லலாகாது. பார்வோ என்னும் கொடிய குடல்நோயின் கிருமி, மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். வெறிநோய்த் தடுப்பூசியோ எந்த நாய்க்கும் தவிர்க்கவொண்ணாதது.

2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. கப்பன் பூங்காவோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். இங்கேயே கால் ஏக்கர் நிலமும், ஆளுயர வேலியும், இரண்டு கதவுகளும் கிடைத்தால் போதும்.