பிக்கப் வண்டிக்குப் பெட்ரோலா, எத்தனாலா?

பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவருள் சிறு பிக்கப் வண்டி ஒன்றை வைத்துப் பிழைப்பவர் பலர். வாஷிச் சந்தையில் விடியுமுன் தேங்காயும் வாழையிலையும் ஏற்றி மாதுங்காவில் இறக்குவோரும், டில்லி ஆஜாத்பூர் மண்டியிலிருந்து காய்கறி கொண்டு கரோல்பாகுக்கு வருவோரும் அவருள் அடங்குவர். எரிபொருளின் விலை அவர்களுக்குப் பத்திரிகைச் செய்தி மட்டுமன்று. மாலையிற் கையில் மிஞ்சும் பணமே அதைப் பொறுத்திருக்கிறது. ஆகையால் பெட்ரோல், எத்தனால் என்னும் இவ்விரண்டையும் பற்றி இன்று சற்று ஆராய்வோம்.

கரும்புச் சாறு, ஆலைகளில் எஞ்சும் மொலாசஸ், மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடிப்பது எத்தனால். இதனை எரிசாராயம் என்று தமிழாக்கலாம். ஆனால் அரசாங்கச் சுற்றறிக்கையில் அச்சொல்லைக் கண்டோர் முகத்தில் ஒரு புன்னகை அரும்பிவிடுகிறது. எனவே எத்தனால் என்றே வழங்குவோம்.

முதலில் அறியவேண்டுவது ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கியுள்ளது. ஆகவே லிட்டரின் விலையை மட்டும் பார்த்து இது மலிவு என்று சொல்லுதல் பொருந்தாது. கிலோமீட்டருக்கு என்ன செலவு என்றே கணக்கிடவேண்டும்.

இக்கணக்கை அன்றாடம் மனத்திற் போட்டுப் பழகியவர்கள் பிரேசில் நாட்டு மக்கள். அங்கே பங்குகளில் பெட்ரோலும் எத்தனாலும் பக்கத்திற் பக்கமாக விற்கப்படுகின்றன. 2003ஆம் ஆண்டு முதல் அங்கு விற்பனைக்கு வந்த 'ஃப்ளெக்ஸ்' வண்டிகள் இரண்டில் எதனையும், எந்த அளவிற் கலந்தும் ஏற்கும். புகைக் குழாயில் உள்ள பிராணவாயு உணர்கருவி கலவையை உய்த்தறிந்து, அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ செலுத்தச் செய்கிறது. பெரிதும் விற்பனையாகும் ஃபியட் ஸ்ட்ராடா என்னும் சிறு பிக்கப்பும் இவ்வகையதே.

அதன் உரிமையாளர் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்? எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இருந்தால் எத்தனால். மேலே ஏறினால் பெட்ரோல். ஒரு உதாரணம் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 105 கிலோமீட்டர் ஓட 7 லிட்டர், அதாவது 700 ரூபாய் ஆகும். எத்தனாலில் அதே தூரத்திற்கு 10 லிட்டர் வேண்டும். அது 80 ரூபாய்க்குக் கிடைத்தால் மலிவுபோலத் தோன்றும். ஆயின் நாள் முடிவில் 100 ரூபாய் நஷ்டம்! 60 ரூபாயாயின் 100 ரூபாய் லாபம்.

இவ்வுரிமை அவர்களுக்கு எளிதில் வந்ததன்று. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் பிரேசில் அரசாங்கம் எத்தனால் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979இல் எத்தனாலை மட்டுமே ஏற்கும் கார் வந்தது. 1980களின் நடுவில் அங்கு விற்ற புதுக் கார்களிற் பெரும்பாலானவை அவ்வகையே. பிறகு எண்ணெய் விலை சரிந்தது. சர்க்கரை விலை ஏறிற்று. ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. 1989, 1990ஆம் ஆண்டுகளில் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்து, பங்குகளில் நீண்ட வரிசைகள் நின்றன. வேறு எரிபொருளை ஏற்காத வண்டியை வைத்திருந்தவர் என் செய்வார்? மக்கள் அவ்வண்டிகளைக் கைவிட்டனர். இரண்டையும் ஏற்கும் வண்டி வந்த பின்னரே எத்தனாலின் மேல் நம்பிக்கை திரும்பியது.

நம் நாட்டின் நிலை வேறு. இங்குக் கலப்பு 2022இல் நூற்றுக்குப் பத்தாயிற்று, 2025இல் இருபதாயிற்று. கச்சா எண்ணெயிற் பெரும்பகுதியை அயல்நாட்டிலிருந்து வாங்கும் தேசத்திற்கு இதனால் அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. கரும்பு விவசாயிக்கு மற்றொரு சந்தையும் கிடைக்கிறது. இவை மெய்யான நன்மைகளே. எனினும், கலப்பற்ற பெட்ரோலுக்கென அமைந்து, பத்து சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் இருபது சதவீதக் கலப்பினால் 6 முதல் 7 சதவீதம்வரை ஓட்டம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. நம் உதாரண வண்டிக்கு அது நாளொன்றுக்கு அரை லிட்டர். கலப்பற்ற பெட்ரோலையும் விற்கவேண்டும் என்று கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. தேர்ந்தெடுக்க வழியில்லாதவருக்கு அந்த அரை லிட்டரை ஈடுசெய்யும் அளவுக்கேனும் விலை குறைவதே முறை என்பது நம் கருத்து.

2024 மார்ச்சில் டில்லி, உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் 183 பங்குகளில் 'எத்தனால் 100' அறிமுகமாயிற்று. அதன் பெயரையோ விலையையோ கண்டு சாதாரணப் பெட்ரோல் வண்டியில் ஊற்றிவிடலாகாது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும்; எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பெட்ரோலுக்கென அளவிட்ட எஞ்சினுக்கு எத்தனால் போதாமற்போகும், வண்டி திணறும். ரப்பர்க் குழாய்களும் சில உலோகப் பாகங்களும் நாளடைவிற் கெடும்.

பழைய வண்டி உடையோர் வண்டியுடன் வந்த கையேட்டில் எவ்வளவு கலப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது என்று பார்த்தல் நலம். அடுத்த பெரிய சர்வீஸின்போது எரிபொருள் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்டி, வேண்டின் மாற்றிக்கொள்ளலாம். டாங்கியில் நெடுநாட் படிந்த கசடை எத்தனால் கரைத்துக் கொணருமாதலால் ஃபில்டரையும் கவனிக்கவேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் ஊருக்குப் புறப்படுவோர் டாங்கியைப் பாதி காலியாக விட்டு, வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தல் கூடாது.

ஃப்ளெக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கும் எண்ணம் வட இந்தியாவிலுள்ள நேயருக்கு என்றேனும் வருமாயின், ஒன்றை மட்டும் முன்னதாகக் கேட்டறியட்டும். குளிரில் எத்தனால் எளிதில் ஆவியாவதில்லை. பிரேசிலின் பழைய வண்டிகளில், குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே சிறு பெட்ரோல் டாங்கி ஒன்று தனியே இருந்தது. பின்னர் எரிபொருளை முன்னதாகச் சூடாக்கும் அமைப்பு வந்தது. டில்லியின் ஜனவரி விடியலில் மண்டிக்குப் போகவேண்டியவர், தம் வண்டியில் இவ்விரண்டில் எது இருக்கிறது என்று கேட்ட பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும்.