ஆபத்து வேளையில் ஒரு சொல்



பரிசு வாங்கும் நாளில் ஆபத்தைப் பற்றி ஏன் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளம் வந்த பிறகு அணை போட முடியாதல்லவா? அதனால்தான் பேசுகிறேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமி நம் பினாங்கு, கெடா கரைகளிலும் உயிர்களைக் கொண்டு போனது. அன்று அந்தமான் தீவுகளில் தொலைபேசி நின்றுவிட்டது. அப்போது பாரதி பிரசாத் என்ற அம்மையார் தம் குழுவோடு போர்ட் பிளேயரில் இருந்தார். உலகத்து வானொலி ஆர்வலர்களோடு பேசுவதற்காக வந்த குழு அது. அவர்களிடம் வானொலிக் கருவி இருந்தது. அதை இயக்கும் பயிற்சியும் இருந்தது. அவர்கள் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அதே நாள் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் நிலையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அன்றாடம் அலை நிலவரம் சொன்ன அதே ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்றதும் ஊர் நம்பி ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள்.

இன்று ஐக்கிய நாடுகள் சபையின் உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகள் நிவாரணப் பணியாளர்களுக்கு இதைத் தனிப் பாடமாகவே நடத்துகின்றன. துணைக்கோள் கருவியை நிறுத்துவதோடு, பேசும் முறையும் அதில் உண்டு. இரைச்சலில் 'பி'யும் 'டி'யும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் 'பிராவோ', 'டெல்டா' என்று சொல்ல வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

செய்தி சரியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது புக்கிட் பெலண்டோக் மக்களுக்குத் தெரியும். நிப்பா நோய் வந்தபோது முதலில் கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிப் புகை அடித்தார்கள். பன்றிகளிடமிருந்து வந்த புதுக் கிருமி என்பது 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம்ம தோட்டத்துக்கு வருவோம். இப்போ எல்லார் கையிலும் போன் இருக்கு. ஆனால் 999-க்குக் கூப்பிட்டு "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் அழுதால் ஆம்புலன்ஸ் எங்கே வரும்? செம்பனைக் காட்டுக்குள்ளே எந்த வழியில் திரும்பும்?

ஆகவே பெற்றோர்களே, தோட்டத்தின் பெயர், லயம், வீட்டு எண், பக்கத்துக் கோயில், திரும்பும் சந்து இவற்றை மலாயில் எழுதிக் கதவுப் பக்கம் ஒட்டி வையுங்கள். முதலில் இடம், பிறகு நடந்தது, எத்தனை பேருக்கு அடி, பேசுபவர் பெயர். இந்த வரிசையை மாதம் ஒருமுறை பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்கு மலாய் வராவிட்டாலும் பேரப்பிள்ளைக்கு வரும். விளையாட்டுக்குக்கூட அந்த எண்ணை அழைக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பழக்கம் போதும். இன்றிரவே தொடங்குவோம்.