வீரனின் செந்நிறக் கச்சை



சித்திரக் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் சிறுவன், என்றோ ஒருநாள் தன் தந்தையிடம் ஒரு கேள்வியைக் கேட்டே தீருவான். வானத்திலே பறந்து, விழுகின்ற விமானத்தைத் தாங்கி, ஓடுகின்ற புகைவண்டியை நிறுத்துகின்ற அந்த மாவீரன், உள்ளே உடுத்த வேண்டிய சிறு காற்சட்டையை வெளியே உடுத்துக்கொண்டு திரிவது ஏன் என்பதே அக்கேள்வி. தந்தை சிரிப்பார்; மகனும் சிரிப்பான்; பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆயினும், சிரிப்பு விடையாகிவிடாது. அச்சிறு காற்சட்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு, அது உள்ளாடையே அன்று என்பது புலனாகும்.

தமிழிலே கச்சை என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். உள்ளே உடுத்தும் கோவணத்துக்கும் கச்சை என்று பெயர். போருக்குப் புறப்படுபவன் உடுத்த உடைக்கு மேலே, இடையில் வரிந்து கட்டுவதற்கும் கச்சை என்றே பெயர். ஒரு கருமத்தில் முனைந்து நிற்பவனைக் கச்சை கட்டி நிற்கிறான் என்று சொல்லும்போது, அவனுடைய உள்ளாடையை எவரும் நினைப்பதில்லை. சூப்பர்மேன் என்னும் கதை வீரனின் செந்நிறக் கச்சையும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

சூப்பர்மேன் முதன்முதல் வாசகர் முன் தோன்றியது 1938ஆம் ஆண்டிலே, 'அக்ஷன் கொமிக்ஸ்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையின் முதலாவது இதழில். கதையை எழுதியவர் ஜெரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் 1914ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். கிளீவ்லாந்து நகரில் ஒரே உயர்தரப் பாடசாலையிற் பயின்றவர்கள். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். நாடெங்கும் தொழிலின்மையும் வறுமையும் பரவியிருந்த காலம் அது. ஷஸ்டர் பார்வை குறைந்தவர். வரைவதற்கு நல்ல தாள் வாங்கவும் வசதியில்லாமல், பொதி சுற்றும் தாளிலே வரைந்து பழகியவர். ஆயினும், உடற்பயிற்சியில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. பளு தூக்கிப் பயின்றார். அக்கலை பற்றிய சஞ்சிகைகளை ஆவலோடு படித்தார். ஆகவே, உலகத்தின் மிக வலிய மனிதன் ஒருவனை வரைய நேர்ந்தபோது, வலிமை என்றதும் அக்கால மக்களின் மனக்கண்ணில் தோன்றிய உருவத்தையே அவர் தம் வீரனுக்கும் அளித்தார்.

அவ்வுருவம் யாது? அதுதான் சர்க்கஸ் பலவானின் உருவம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சர்க்கஸ் கூடாரங்களும் காட்சி மேடைகளும் பெருகின. பிரான்ஸ் தேசத்து ஜூல்ஸ் லெயோதார், 1859ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவி வித்தை காட்டினார். கை கால்களின் அசைவுக்குத் தடையில்லாதபடி உடலோடு ஒட்டிய பின்னலாடையை அவர் அணிந்தார். அவ்வாடைக்கு இன்றும் அவருடைய பெயரே வழங்குகிறது. அவருக்குப் பின் பலவான்கள் வந்தனர். 1867ஆம் ஆண்டிற் பிறந்த ஜெர்மானியராகிய யூஜின் சாண்டோ அவர்களுள் தலையாயவர். 1893ஆம் ஆண்டில், சிக்காகோ உலகக் கண்காட்சியைக் காணத் திரண்டு வந்த மக்கள், அவருடைய தசைநார்களின் திரட்சியைக் கண்டு வியந்தனர்.

பலவானுக்கு வேண்டிய உடை எளிதான ஒன்றன்று. தசையின் திரட்சி மக்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால், குடும்பத்தோடு வந்திருப்போர் முன்னிலையில் மானமும் காக்கப்பட வேண்டும். உடலோடு ஒட்டிய பின்னலாடை முதலாவது தேவையை நிறைவேற்றியது. இரண்டாவது தேவைக்காக, அதன்மேல் இடையிலே ஒரு குறுங்கச்சை அணியப்பட்டது. பாரத்தைத் தூக்கக் குனியும்போது பின்னலாடையின் தையல் பிரிந்தாலும், கச்சை அவனை நாணமடையாமற் காத்தது. மல்யுத்த வீரர் பலரும் இவ்வாறே உடுத்தனர். 1938ஆம் ஆண்டின் வாசகன் அச்செந்நிறக் கச்சையைக் கண்டபோது சிரிக்கவில்லை. இவன் பலவான் என்பதை ஒரு சொல்லும் படிக்காமலே அறிந்துகொண்டான்.

தோளிலே தொங்கும் போர்வையும், இடுப்பிற் கையூன்றி நிற்கும் நிலையும் வேறிடத்திலிருந்து வந்தவை. டக்ளஸ் பெயர்பாங்ஸ் நடித்த வாள்வீரத் திரைப்படங்களைக் கண்டு களித்தவர் ஷஸ்டர். கூடாரத்துப் பலவானும் திரைப்பட வீரனும் சேர்ந்தே சூப்பர்மேன் ஆயினர்.

அச்சுத்தொழிலும் இவ்வுடைக்குத் துணை நின்றது. அக்காலத்துச் சித்திரக் கதைகள் மலிவான தாளில், நான்கு மைகளைக் கொண்டு அச்சிடப்பட்டன. நுண்ணிய நிழல்களை அத்தாள் ஏற்காது. நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை நீலம் ஒன்றையே பூசினால், உருவம் ஒரே திட்டாகத் தோன்றும். அன்றியும், ஆடையற்ற உடலுக்குச் சாயம் பூசியது போலவும் காணப்படும். இடையிலே ஒரு செந்நிறப் பட்டை விழுந்தவுடன் உடல் வேறு, கால் வேறு என்று கண் பிரித்தறிகிறது. 1952ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் இக்கதை தொடங்கியபோது, படம் கறுப்பு வெள்ளையாகவே இருந்தது. அப்போது நடிகர் ஜோர்ஜ் ரீவ்ஸ் அணிந்த உடை உண்மையில் சாம்பலும் மண்ணிறமும் ஆனது. நிறம் தெரியாத இடத்திலும், மேலாடைக்கும் கச்சைக்கும் இடையிலான வேறுபாடு மட்டும் விடப்படவில்லை.

சூப்பர்மேனுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, லீ பால்க் படைத்த 'பேன்டம்' என்னும் முகமூடி வீரன் கோடிட்ட கச்சையுடன் தோன்றியிருந்தான். 1939ஆம் ஆண்டில் வந்த பேட்மேனும் கச்சை அணிந்தான். ஆயினும் காலம் மாறியது. ரிங்லிங் சகோதரர் பெயரால் வழங்கிய அமெரிக்காவின் மாபெரும் சர்க்கஸ், 1956ஆம் ஆண்டில் தன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மண்டபங்களுக்குட் புகுந்தது. அதே ஆண்டிற் புதுப்பிறவி எடுத்த 'பிளாஷ்' என்னும் வீரனுக்குக் கச்சை இல்லை. 1962ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்பைடர்மேனுக்கும் இல்லை. கூடாரத்துப் பலவானைக் கண்டறியாத தலைமுறை வளர்ந்தது. அடையாளம் எஞ்சியது, அதன் பொருள் மறைந்தது. பொருள் மறைந்த இடத்திலே நகைப்புக் குடிபுகுந்தது.

அந்நகைப்புக்கு அஞ்சியோ என்னவோ, 2011ஆம் ஆண்டில் பதிப்பாளர் சூப்பர்மேனின் கச்சையை நீக்கினர். 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் அது இல்லை. ஆனால், வாசகர் அதனை மறந்தாரில்லை. 'அக்ஷன் கொமிக்ஸ்' 2018ஆம் ஆண்டில் தன் ஆயிரமாவது இதழை வெளியிட்டபோது, செந்நிறக் கச்சை மீண்டது. 2025ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கன் இயக்கிய திரைப்படத்திலும் அது இடம்பெற்றது. அதனை வைத்துக்கொள்வதா, விடுப்பதா என்று இயக்குநர் தயங்கியபோது, வீரனாக நடித்த டேவிட் கோரன்ஸ்வெட் ஒரு காரணம் கூறினார். வேற்றுலகிலிருந்து வந்த பேராற்றல் படைத்தவன் அவன். குழந்தைகள் தன்னைக் கண்டு அஞ்சலாகாது என்று விரும்புபவன். ஆகவே இத்தகைய உடையையே அணிவான் என்பது அவருடைய கருத்து.

இக்கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1938ஆம் ஆண்டிலே ஐரோப்பாவில் வலிமை எவ்வுடையில் நடமாடியது? இராணுவச் சீருடையிலும் கனத்த சப்பாத்திலும் அணிவகுத்து நடமாடியது. அதைக் கண்டு சிறுவர் அஞ்சினர். யூத மக்கள் வீடிழந்து ஓடினர். அதே ஆண்டில், யூதக் குடும்பத்து இளைஞர் இருவர் கற்பனை செய்த உலகத்திலேயே பெரிய வலிமை, சர்க்கஸ்காரனின் உடையை உடுத்து வாசகர் முன் தோன்றியது. பலவான் இரும்பை வளைப்பது எவரையும் அடக்குவதற்கன்று. பார்ப்போர் கைதட்டி மகிழ்வதற்கே. அவனருகிற் குழந்தை அச்சமின்றிச் செல்லலாம்.

அவ்விளைஞர் அந்தக் கற்பனை முழுவதையும் விற்றுப் பெற்ற தொகை நூற்று முப்பது டொலர். முதுமையிலே வறுமையுற்று, 1975ஆம் ஆண்டிலேதான் ஆண்டுதோறும் உதவித்தொகையும், படைத்தோர் என்ற பெயரும் பெற்றனர். பத்துச் சதத்துக்கு விற்ற அம்முதல் இதழின் பிரதியொன்று, 2024ஆம் ஆண்டில் அறுபது இலட்சம் டொலருக்கு விலைபோனது.

ஆகவே நேயர்களே, இனி ஒரு சிறுவன் அக்கேள்வியைக் கேட்பானாயின், சிரித்து மழுப்ப வேண்டியதில்லை. அது மறதியால் வெளியே வந்த உள்ளாடை அன்று. எவரையும் அச்சுறுத்தாத வலிமையின் கச்சை என்று அவனுக்குச் சொல்லலாம். பிறர் உடையைக் கண்டு நகைக்குமுன், அது எக்காலத்தில், எதற்காக உடுக்கப்பட்டது என்று கேட்கவும் அவன் அத்துடன் கற்றுக்கொள்வான்.