தாய் கண்ட வழி

மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணையாற்றைக் கடந்து வடக்கே செல்லும் சாலை திருவண்ணாமலையைச் சேர்கிறது. பௌர்ணமிதோறும் அச்சாலையில் செல்லும் பேருந்துகளில் எங்கள் ஊர்த் தாய்மார் பலரைக் காணலாம். கரும்பு வயலிலும் வீட்டிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் அவர்கள். பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். "யாருக்காக வேண்டிக்கொள்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டால், "பிள்ளைகளுக்காகத்தான்" என்பார்கள். நானும் அவர்களுள் ஒருத்தி. என் விடையும் அதுவே. ஆனால் பிள்ளைகள் தம் காலில் நின்ற பிறகு, தாய் தனக்கென்று நாடவேண்டியது ஒன்றுமே இல்லையா? மாணவர்களாகிய உங்களோடு இதனை எண்ணிப்பார்க்க விரும்புகிறேன்.

இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்த தாய் ஒருவர் அந்தத் திருவண்ணாமலையில் இருந்தார். அவர் பெயர் அழகம்மாள். ரமண மகரிஷியை ஈன்றவர். 1892-இல் அவர் கணவரை இழந்தார். 1896 ஆகஸ்டில், 16 வயது மகன் வேங்கடராமன் எவரிடமும் விடைபெறாமல் மதுரையை விட்டுப் புறப்பட்டார். வழியில் நம் பெண்ணைக் கரையிலுள்ள அறையணிநல்லூர்க் கோயிலை வணங்கி, செப்டம்பர் 1-ஆம் நாள் அண்ணாமலையை அடைந்தார். அவர் இருக்குமிடம் வீட்டாருக்குத் தெரியவே ஈராண்டுகள் சென்றன.

1898 டிசம்பரில் அழகம்மாள் மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்து, வீடு திரும்புமாறு நாள்தோறும் மன்றாடினார், அழுதார். மௌனத்தில் இருந்த இளைஞர், வினையின் போக்கை எவராலும் மாற்ற இயலாது என்னும் கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையுடன் திரும்பினார். 1900-இல் மூத்த மகனும் இறந்தார்.

1914-இல் மகனைக் காண வந்த இடத்தில் அவர் கடுங்காய்ச்சலில் விழுந்தார். துறவியான மகன் அருகிருந்து பணிவிடை செய்ததோடு, தாய் நலம்பெற அருணாசலனை வேண்டிப் பாடல்களும் இயற்றினார். வீட்டைத் துறந்தவர் அன்பைத் துறக்கவில்லை.

1916-இல் அழகம்மாள் மலைக்கே வந்து தங்கினார். இம்முறை மகனை அழைத்துச் செல்ல வரவில்லை; அவர் சென்ற வழியில் தாமும் செல்ல வந்தார். அது எளிதாகவும் இல்லை. தாம் பேசும்போது மகன் சில வேளை மறுமொழி தரமாட்டார். வருந்திக் கேட்டால், பெண்கள் யாவரும் தமக்குத் தாயரே என்பார். 'என் பிள்ளை' என்னும் பற்றைத் தாய் சிறிது சிறிதாகக் களைய வேண்டியிருந்தது.

ஆயினும் அவர் தம் இயல்பை விட்டுவிடவில்லை. அடியார்களுக்குச் சமைக்கத் தொடங்கினார். ஒரு முறை அப்பளம் இட உதவுமாறு மகனை அழைத்தார். அவரோ அப்பளப் பாட்டை இயற்றித் தந்தார். உளுந்தை உடைப்பதும் மாவை இடிப்பதும் பொரிப்பதும் அதில் தன்னையறியும் நெறிக்கு உவமைகளாயின. ஒரு குடும்பத்துக்கு உரியதாயிருந்த அடுப்படி, பலருக்கு உரியதாயிற்று. அதுவே அவருக்கு வழிபாடும் ஆயிற்று.

1922 மே 19-ஆம் நாள் அவர் மறைந்தபோது, மகன் பகல் முழுவதும் அருகிலிருந்து அவர் தலையிலும் மார்பிலும் கைவைத்திருந்தார். மலையடியில் அமைந்த அத்தாயின் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. 1949 மார்ச் 17-இல் அங்கே மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

எல்லாத் தாயரும் மலையேற வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் துறவு பூணப்போவதுமில்லை. ஆனால் நீங்கள் படிப்புக்கும் வேலைக்கும் புறப்படும் நாள் வரத்தான் செய்யும். அன்று தாய் உங்களைத் தடுத்தால், அது அன்பின் முதற்குரல் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். போகவேண்டிய வழியை விடவும் வேண்டாம். பின்னர்த் தொலைபேசியில் பேசும்போது, உண்டாயா, உறங்கினாயா என்ற அவள் கேள்விகளுக்கு விடை சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் இருக்கும் விரதத்தை ஒரே சொல்லில் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாமல், அதில் அவள் என்ன காண்கிறாள் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்காக என்றே அவள் முதலில் சொல்வாள். "எங்களை விட்டுவிடு அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று இன்னொரு முறை கேளுங்கள். அவளும் அப்போதுதான் அதை எண்ணிப்பார்ப்பாள். விடை வரச் சிறிது நேரமாகும், காத்திருங்கள்.